கசகசா, தூக்க மாத்திரை, ரசீதுப் புத்தகம்: அமீரகம் போகும் பெட்டியில் எவை கூடாது?

கேள்வி: நானும் மனைவியும் தென்காசிப் பக்கம். வயது 68, 63. மகனுக்கு துபாயில் வேலை, வீடு ஷார்ஜா அல் நஹ்தாவில். பேரனின் முதல் பிறந்தநாளுக்காக 60 நாள் விசிட் விசாவில் போகிறோம். நடுவில் ரமலான் மாதமும் வருகிறது. சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் போக, நரம்பு வலிக்கு பிரீகாபலின் 75, மூட்டு வலிக்கு டிரமடால் கலந்த மாத்திரை, தூக்கத்துக்கு அல்பிரசோலம் 0.25 சாப்பிடுகிறேன். மனைவி மசாலாப் பொடிகள், கசகசா, தாம்பூலத்துக்கு வெற்றிலை பாக்கு எல்லாம் எடுத்து வைத்துவிட்டாள். ஊர்க் கோயில் கும்பாபிஷேகத்துக்கு அங்கிருக்கும் நம் ஊர்க்காரர்களிடம் நன்கொடை வாங்கி வரச் சொல்லி ரசீதுப் புத்தகம் கொடுத்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் தன் தம்பிக்கு ஒரு பார்சல் தந்திருக்கிறார். மகனின் நண்பர்களுக்காக டூட்டி ஃப்ரீயில் ஒரு பாட்டில் வாங்கவும் எண்ணம். இதில் எதையாவது விட்டுவிட்டுப் போக வேண்டுமா? எதிர்வீட்டு எகிப்துக் குடும்பத்தை விழாவுக்கு அழைக்கலாமா?

பதில்:

ஐயா, பெட்டியைப் பூட்டும் முன் கேட்டீர்களே, அதுவே பாதி வேலை முடிந்த மாதிரி. முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். கசகசா, வெற்றிலை பாக்கு, ரசீதுப் புத்தகம், பாட்டில் இந்த நான்கும் வேண்டவே வேண்டாம். மூன்று மாத்திரைகளுக்கு முன்அனுமதி வாங்கியாக வேண்டும். பார்சலை உங்கள் கையால் பிரித்துப் பார்க்காமல் தொடாதீர்கள்.

ஐக்கிய அரபு அமீரகத்தில் நம்மவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் கெட்ட எண்ணத்தால் அல்ல. இங்கே அஞ்சறைப் பெட்டியிலும் மருந்து டப்பாவிலும் சாதாரணமாகக் கிடக்கும் பொருள் அங்கே தடைப் பட்டியலில் இருக்கிறது. பையில் இருந்ததா, இல்லையா என்பதுதான் விமான நிலையத்தில் முதல் கேள்வி. எதற்காகக் கொண்டுவந்தீர்கள் என்ற கேள்வி அதற்குப் பிறகு, சில சமயம் பல நாள் கழித்துத்தான் வரும். "எனக்குத் தெரியாது" என்ற பதிலுக்கு அந்த இடத்தில் மதிப்பில்லை.

மருந்திலிருந்து தொடங்குகிறேன். உங்கள் விஷயத்தில் அதிக வேலை பிடிப்பது அதுதான்.

நீங்கள் சொன்ன மூன்றுமே அமீரகத்தில் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். டிரமடால் ஓபியாய்டு, அதாவது அபினைப் போல வேலை செய்யும் வகை வலி மருந்து. அல்பிரசோலம் பழக்கத்துக்கு ஆளாக்கும் தூக்க, பதற்ற மருந்து. பிரீகாபலின் பலரும் கவனிக்காமல் விடுவது. நம் ஊரில் சர்க்கரை நோயாளிகளுக்குக் கால் எரிச்சலுக்கு வெகு சாதாரணமாக எழுதித் தருகிறார்கள். அங்கே அதைப் போதைக்காகப் பயன்படுத்துவோர் பெருகியதால் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். கோடீன் கலந்த இருமல் சிரப்பும் இதே பட்டியலில்தான். வீட்டில் பாதி பாட்டில் இருந்தால் அங்கேயே இருக்கட்டும்.

அமீரக சுகாதார அமைச்சகத்தின் இணையதளத்தில் "சொந்த உபயோகத்துக்கு மருந்து கொண்டுவர அனுமதி" என்று ஒரு சேவை உண்டு. மருந்து தொடர்பான வேலைகளை இப்போது எமிரேட்ஸ் மருந்து நிறுவனம் என்ற அரசு அமைப்பு ஏற்று நடத்துகிறது. அதனால் எந்தத் தளத்தில் விண்ணப்பிப்பது என்பதை மகன் அங்கிருந்தே சரிபார்த்து, உங்கள் பாஸ்போர்ட் எண்ணில் பதியட்டும். இது அரசின் நேரடிச் சேவை. தரகருக்கோ டிராவல் ஏஜென்டுக்கோ பணம் கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை. பாஸ்போர்ட் நகல், டாக்டர் சீட்டு, நோய் விவரம் எழுதிய மருத்துவ அறிக்கை மூன்றும் வேண்டும். பயணத்துக்கு மூன்று நான்கு வாரம் முன்பே தொடங்கிவிடுங்கள். அனுமதி தாமதமாகும் என்பதைவிட, டாக்டர் சீட்டு சரியில்லை என்று திருப்பி அனுப்பினால் இன்னொரு முறை ஆஸ்பத்திரிக்கு அலைய நேரம் வேண்டும் என்பதே காரணம்.

சீட்டு எப்படி இருக்க வேண்டும்? நம் டாக்டர்கள் கம்பெனிப் பெயரை மட்டும் எழுதுவார்கள். அந்தப் பெயர் அங்கே யாருக்கும் புரியாது. மருந்தின் மூலப்பெயர், எத்தனை மில்லிகிராம், ஒரு நாளைக்கு எத்தனை வேளை, எத்தனை நாளுக்கு, எந்த நோய்க்கு என்று ஆங்கிலத்தில் லெட்டர்ஹெட்டில் தட்டச்சு செய்து வாங்குங்கள். டாக்டரின் கையெழுத்து, முத்திரை, பதிவு எண், தேதி நான்கும் இருக்க வேண்டும். சீட்டு பயணத்துக்கு முந்தைய சில வாரங்களுக்குள் எழுதியதாக இருக்கட்டும்; இரண்டு வருஷத்துக்கு முந்தைய பழைய சீட்டை நீட்டாதீர்கள். பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் சீட்டில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் தகப்பனார் பெயர் சேர்ந்து நீளமாக இருக்கும், சீட்டிலோ ஒற்றை எழுத்து இனிஷியலோடு நின்றுவிடும். திரும்பி வரும் விண்ணப்பங்களில் இது அடிக்கடி நடக்கும் பிழை.

கணக்கு போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். பிரீகாபலின் ஒரு நாளைக்கு இரண்டு என்றால் 60 நாளுக்கு 120. "இருக்கட்டுமே" என்று 200 எடுத்துப் போனால், சீட்டுக்கும் பைக்கும் உள்ள அந்த 80 வித்தியாசத்துக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டிவரும். நரம்பு, வலி, தூக்க மருந்துகளுக்குக் கேட்டதைவிடக் குறைந்த அளவுக்கே அனுமதி கிடைக்கலாம். அப்படியானால் அனுமதிக் கடிதத்தில் என்ன அளவு இருக்கிறதோ அதை மட்டும் கொண்டுபோய், மீதிக்கு ஷார்ஜாவில் ஒரு டாக்டரைப் பார்த்துச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சர்க்கரை, பிரஷர், கொழுப்பு மாத்திரைகளுக்கு இந்தக் கெடுபிடி இல்லை. அவற்றுக்கும் சீட்டு இருக்கட்டும், மூன்று மாத அளவைத் தாண்ட வேண்டாம்.

கிளம்பும் முன் உங்கள் டாக்டரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "டிரமடாலுக்குப் பதிலாக வெறும் பாரசிட்டமாலோ வேறு வலி மருந்தோ இந்த இரண்டு மாதத்துக்குப் போதுமா?" மாற்ற முடிந்தால் மூன்றில் ஒரு தலைவலி குறையும். ஆனால் அனுமதிக்குப் பயந்து நீங்களாக எதையும் நிறுத்திவிடக் கூடாது. அல்பிரசோலத்தையும் பிரீகாபலினையும் பல மாதம் சாப்பிட்டுவிட்டுத் திடீரென்று விட்டால் தூக்கமின்மை, நடுக்கம், படபடப்பு வரும். சிலருக்கு வலிப்பு வரைக்கும் போகும். குறைப்பதானால் டாக்டர் சொல்கிறபடி படிப்படியாகத்தான்.

இனி அட்டை விஷயம். நம் ஊர் மெடிக்கலில் பத்து மாத்திரை கேட்டால் கத்தரிக்கோலால் அட்டையை வெட்டிக் கொடுப்பார்கள். மருந்தின் பெயர் ஒரு துண்டோடும் காலாவதித் தேதி இன்னொரு துண்டோடும் போய்விடும். கையில் மிஞ்சுவது பெயரில்லாத நாலு மாத்திரை. காலை, மதியம், இரவு என்று எழுதிய பிளாஸ்டிக் டப்பாவில் எல்லாவற்றையும் பிரித்துப் போட்டு எடுத்துப் போவதும் இதே கதைதான். அதிகாரியால் அது என்னவென்று படிக்க முடியாவிட்டால் சோதனைக்கு அனுப்புவார், சோதனை முடியும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டும். முழு அட்டையாக, மூல டப்பாவோடு, உங்கள் பெயரில் பில் போட்டு வாங்குங்கள். அனுமதிக் கடிதம், சீட்டு, பில் மூன்றையும் மாத்திரைகளோடு ஒரே பையில் போட்டுக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். பெட்டிக்குள் வைத்தால் பெட்டி தாமதமானாலும் தொல்லை, கேட்கும்போது எடுத்துக் காட்டவும் வழியில்லை.

சூரணம், லேகியம், பேர் எழுதாத நாட்டு மருந்துப் பொட்டலம் இவற்றுக்கும் இதேதான். நிறுவன முத்திரையும் சேர்மானப் பட்டியலும் உள்ள மூடிய டப்பா பரவாயில்லை. வைத்தியர் காகிதத்தில் மடித்துக் கொடுத்த பொடியை எந்த நிலையிலும் கொண்டுபோகாதீர்கள். அதில் இருப்பது வெறும் சுக்காக இருந்தாலும், பார்க்கிறவருக்கு அது பெயரில்லாத பொடிதான்.

அடுத்து கசகசா. இதை உங்கள் மனைவியிடம் கொஞ்சம் விளக்கமாகவே சொல்லுங்கள், ஏனென்றால் "ஒரு கரண்டி கசகசாவில் என்ன வந்துவிடப் போகிறது" என்று தோன்றுவது இயல்பு. கசகசா, அபின் எடுக்கும் அதே செடியின் விதை. விதைக்குள் போதை இல்லை. ஆனால் காயைக் கீறும்போது வடியும் பால் விதையின் மேல் ஒட்டியிருக்கும், அதில் மார்ஃபினும் கோடீனும் சிறிதளவு உண்டு. விதையை மண்ணில் போட்டால் செடியும் முளைக்கும். அதனால் அமீரகம் அதைப் போதைப்பொருளோடு சேர்த்துத் தடை செய்திருக்கிறது. சவூதியிலும் சிங்கப்பூரிலும்கூட இதே நிலைதான். அமீரகத்தில் இப்போது நடைமுறையில் இருப்பது 2021-ஆம் ஆண்டின் 30-ஆம் எண் போதைப்பொருள் தடுப்புச் சட்டம். கிராம் கணக்கில் குறைவு என்பது தப்பிக்கும் வழியாக அங்கே உதவாது.

கசகசா பொட்டலத்தை வெளியே எடுத்து வைத்தால் மட்டும் வேலை முடியவில்லை. வீட்டில் அரைத்த குருமா மசாலாவிலும் பிரியாணி மசாலாவிலும் அது இருக்கும். கடையில் வாங்கிய கறிமசாலா பாக்கெட்டின் பின்பக்கத்தில் சேர்மானங்களைப் படித்துப் பாருங்கள், சிலவற்றில் இருக்கும். மூன்றாவது இடம் யாருக்கும் தோன்றாது: பை. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான விதை அது. போன மாதம் மளிகை வாங்கிவந்த துணிப்பையின் தையல் இடுக்கில் நாலு விதை ஒட்டிக்கொண்டிருந்தால், அந்தப் பையையே மடித்துப் பெட்டிக்குள் வைத்திருப்பீர்கள். பெட்டியையும் கைப்பையையும் உள்ளும் வெளியும் திருப்பி, மொட்டை மாடியில் உதறி, தையல் ஓரங்களை ஈரத் துணியால் துடைத்துவிட்டு அடுக்குங்கள். மசாலாப் பொடி வேண்டுமென்றால் கசகசா சேராத சாம்பார்ப் பொடி, மிளகாய்த் தூள், மல்லித் தூள் போதும். அவையும் லேபிள் ஒட்டிய கடைப் பாக்கெட்டாக இருந்தால் நல்லது. உண்மையில் அதுவும் அவசியமில்லை. அல் நஹ்தாவிலும் துபாய் கராமாவிலும் நம் ஊர் மளிகை எல்லாமே கிடைக்கிறது.

வீட்டில் செய்த தின்பண்டங்களைப் பொறுத்தவரை, வீட்டுச் சமையல் உணவும் துபாய் சுங்கத்தின் தடைப் பட்டியலில் இருக்கிறது. முறுக்கு, அதிரசம் என்று எடுத்துப்போகிறவர்கள் பலர் உண்டு என்பதும் தெரியும். ஆனால் சுங்க அதிகாரி எடுத்து வீசினால் மறுபேச்சுப் பேசாமல் விட்டுவிட வேண்டும். இதில் போவது பலகாரம், கசகசாவில் போவது உங்கள் நிம்மதி. இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

வெற்றிலையும் பான் வகைகளும் தடை செய்யப்பட்டவை. மெல்வதைவிட, சுவரிலும் தெருவிலும் துப்பும் பழக்கம்தான் அதிகாரிகளுக்கு எரிச்சல். பொது இடத்தில் துப்பினால் துபாயில் 500 திர்ஹம் அபராதம். பாக்குத் தூள், பான் மசாலா, குட்கா எதுவும் பெட்டியில் வேண்டாம். பிறந்தநாள் தாம்பூலத்துக்கு மஞ்சள், குங்குமம், பழம், பூ, ரவிக்கைத் துணி வைத்துக் கொடுங்கள். பர் துபாயின் மீனா பஜார் பக்கத்துக் கடைகளில் பூஜைச் சாமான்கள் கிடைக்கும். யந்திரத் தகடு, மந்திரித்த பொட்டலம், கழிப்புச் சாமான் போன்றவற்றைப் பரிகாரத்துக்கென்று யாரேனும் கொடுத்தால் அதையும் தவிருங்கள். மாந்திரீகத்துக்குப் பயன்படுபவை என்று சுங்கத்தில் பறிமுதலாகும், வழக்காகவும் மாறலாம்.

சாமி கும்பிடுவதில் ஒரு தடையும் இல்லை. ஜெபல் அலியில் 2022-இல் திறந்த இந்துக் கோயில் இருக்கிறது, அபுதாபியில் 2024 பிப்ரவரியில் திறந்த கற்கோயில் இருக்கிறது. பேரனை இரண்டு இடத்துக்கும் அழைத்துப் போகலாம். வீட்டில் சின்னதாகப் பூஜை செய்யலாம். ஹோமம் வேண்டாம். அடுக்குமாடிக் கூரையில் புகை உணரும் கருவி இருக்கும்; சாம்பிராணி அளவுக்கு மீறினாலே அலாரம் அடிக்கும், முழுக் கட்டடமும் படியிறங்கும். விழா முடிந்து திருஷ்டி சுற்றிப் பூசணிக்காயோ தேங்காயோ முச்சந்தியில் உடைப்பது அங்கே குப்பை போட்ட குற்றம். ஆரத்தி எடுத்து, தண்ணீரை வீட்டுத் தொட்டியிலேயே ஊற்றிவிடுங்கள்.

ரசீதுப் புத்தகம் பற்றி எழுதும்போது உங்கள் சங்கடம் எனக்குப் புரிகிறது. கோயில் காரியம், ஊர் நம்பிக் கொடுத்தது, மறுக்க மனம் வராது. ஆனால் அமீரகத்தில் தனிமனிதர் எந்தக் காரியத்துக்காகவும் நன்கொடை திரட்ட முடியாது. 2021-இன் 3-ஆம் எண் நன்கொடை ஒழுங்குச் சட்டப்படி உரிமம் பெற்ற அமைப்புகள் மட்டுமே திரட்டலாம். மீறினால் சிறை, லட்சக்கணக்கான திர்ஹம் அபராதம், அல்லது இரண்டும். வாட்ஸ்அப் குழுவில் "கும்பாபிஷேகத்துக்குத் தாராளமாக உதவுங்கள்" என்று வங்கிக் கணக்கு எண்ணோடு போடுவதும் இதில் அடக்கம். கையில் பணம் வாங்கினால்தான் குற்றம் என்பதில்லை. சட்டம் இப்படி இறுக்கமாக இருப்பதற்குக் காரணம், பணம் தீவிரவாதத்துக்கோ மோசடிக்கோ போய்விடக் கூடாது என்பது. அதற்குக் கோயில், மசூதி, நோயாளி, வெள்ள நிவாரணம் என்ற வேறுபாடு தெரியாது.

புத்தகத்தைக் கமிட்டியிடமே திருப்பிக் கொடுங்கள். காரணத்தைச் சொன்னால் யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். உங்களைவிட, உங்களிடம் பணம் தரப்போகும் ஊர்ப் பிள்ளைகளின் வேலைக்கும் விசாவுக்கும் அது ஆபத்து என்று சொல்லுங்கள். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் ஊர்க்காரர்கள் விடுமுறைக்கு வரும்போது இங்கே கொடுக்கலாம், தங்கள் இந்திய வங்கிக் கணக்கிலிருந்து கோயில் கணக்குக்கு அனுப்பலாம். அதை நீங்கள் அங்கே போய்க் கேட்டு வாங்க வேண்டியதில்லை.

பார்சலுக்கு வருகிறேன். பக்கத்து வீட்டுக்காரர் நல்லவராகவே இருப்பார். அவருக்கு வேறொருவர் கொடுத்ததாகவும் அது இருக்கலாம். உங்கள் பெயரில் டேக் ஒட்டிய பெட்டிக்குள் இருக்கும் ஒவ்வொரு பொருளும் உங்களுடையது என்பதே சுங்கத்தின் நிலை. போதைப்பொருள் கடத்தல் என்று முடிவானால் மரண தண்டனைக்கும் அந்த நாட்டுச் சட்டத்தில் இடம் உண்டு. எனவே அவர் முன்னிலையிலேயே பிரியுங்கள். ஊறுகாய் பாட்டில், துணி மடிப்பு, செருப்பின் அடிப்பாகம், சோப்பு டப்பா எல்லாவற்றையும் திறந்து பாருங்கள். ஒட்டி மூடியதை, "அது பிரிக்கக் கூடாது" என்று சொல்வதை வாங்காதீர்கள். மாத்திரை எதுவாக இருந்தாலும் மறுத்துவிடுங்கள். உங்கள் அனுமதிக் கடிதம் உங்கள் பாஸ்போர்ட்டுக்கு மட்டும்தான்; அடுத்தவர் தம்பியின் மூட்டுவலி மாத்திரைக்கு அது துணை நிற்காது. நேரில் மறுக்கக் கூச்சமாக இருந்தால், "எடை கூடிவிட்டது, கூரியரில் அனுப்புங்கள்" என்று சொல்லிவிடலாம்.

பாட்டிலை மறந்துவிடுங்கள். துபாயில் 21 வயதானவர் உரிமம் பெற்ற இடத்தில் வாங்கலாம், குடிக்கலாம். ஷார்ஜாவில் மது அறவே கிடையாது: விற்பனை, குடிப்பது, வைத்திருப்பது எதற்கும் இடமில்லை. அல் நஹ்தா என்ற பெயரில் துபாயிலும் ஒரு பகுதி, ஷார்ஜாவிலும் ஒரு பகுதி, ஒன்றையொன்று ஒட்டியே இருக்கின்றன. சாலையைத் தாண்டினால் சட்டம் மாறிவிடும். துபாய் விமான நிலையத்தில் ரசீதோடு வாங்கிய பாட்டில், மகனின் கார் அந்த எல்லையைக் கடந்ததும் குற்றப்பொருள். வழியில் சின்ன விபத்து நடந்து போலீஸ் காரைப் பார்த்தால் மகனின் வேலைவரை அது போய் நிற்கும்.

போன பிறகு கவனிக்க வேண்டியவை சில. முதலில் போன். வாட்ஸ்அப்பில் எழுதலாம், குரல் பதிவு அனுப்பலாம். வாட்ஸ்அப் அழைப்பு மட்டும் அங்கே வேலை செய்யாது. உங்கள் மனைவி தினமும் தங்கையோடு பேசுகிறவராக இருந்தால், இரண்டு பேர் போனிலும் அங்கே பேச உதவும் போட்டிம் (BOTIM) செயலியைக் கிளம்பும் முன்பே போட்டுப் பழக்கிவிடுங்கள். யாரேனும் விபிஎன் (இணையத் தடையைச் சுற்றிப் போக உதவும் செயலி) போட்டுத் தருகிறேன் என்றால் வேண்டாம். விபிஎன் என்பதே குற்றமல்ல, அலுவலகங்கள் பயன்படுத்துகின்றன. தடுக்கப்பட்டதை அதன் மூலம் அடைவதுதான் சிக்கல். குற்றத்துக்கு அதைப் பயன்படுத்தியதாக முடிவானால் அபராதம் 5 லட்சம் திர்ஹத்தில் தொடங்குகிறது.

படம் எடுப்பதில் நம் பழக்கம் கொஞ்சம் தாராளம். 2021-இன் 34-ஆம் எண் சைபர் குற்றச் சட்டத்தில், ஒருவரின் சம்மதமின்றி அவரைப் படமெடுத்துப் பரப்பினால் ஆறு மாதத்துக்குக் குறையாத சிறையோ, ஒன்றரை லட்சம் முதல் 5 லட்சம் திர்ஹம் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். மாலில் பேரனை நிறுத்திப் படமெடுக்கும்போது பின்னால் கறுப்பு அபாயா அணிந்த பெண் நின்றால், அவர் நகரும்வரை பொறுங்கள். விபத்து, அரசுக் கட்டடம், ராணுவ இடம், விமான நிலையச் சோதனைப் பகுதி இவற்றைப் படமெடுக்க வேண்டாம். குடும்பக் குழுவில் வரும் உறுதியில்லாத செய்தியை அங்கிருந்து ஃபார்வர்டு செய்யாதீர்கள். சண்டையில் ஒருவரை வாட்ஸ்அப்பில் திட்டி எழுதுவதும் அங்கே வழக்குக்கு உரியது. தமிழில் எழுதினால் யாருக்குத் தெரியும் என்று நினைக்க வேண்டாம், புகார் கொடுப்பவரும் தமிழராகத்தான் இருப்பார்.

சாலை கடப்பது வயதானவர்களுக்கு முக்கியம். 2025 மார்ச் 29 முதல் புதிய போக்குவரத்துச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. மணிக்கு 80 கிலோமீட்டரோ அதற்கு மேலோ வேகம் அனுமதித்த சாலையைக் குறுக்கே கடந்து விபத்துக்குக் காரணமானால், மூன்று மாதத்துக்குக் குறையாத சிறையோ, குறைந்தது 10,000 திர்ஹம் அபராதமோ, இரண்டுமோ வரக்கூடும். விபத்து இல்லாவிட்டாலும் கண்ட இடத்தில் கடப்பதற்கு 400 திர்ஹம் அபராதம். பாலம் தூரமாக இருந்தாலும் பாலத்திலேயே போங்கள். துபாய் மெட்ரோவில் சாப்பிட்டாலும் தண்ணீர் குடித்தாலும் 100 திர்ஹம், பெண்கள் பெட்டியில் ஆண் ஏறினாலும் 100. உங்கள் மனைவி பின்னாலேயே பழக்கதோஷத்தில் ஏறிவிடாதீர்கள்.

உடையைப் பற்றிக் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். ஷார்ஜா, அமீரகத்தில் கட்டுப்பாடு அதிகமான ஊர். துண்டு மட்டும் போட்டுக்கொண்டு வெற்றுடம்போடு பால்கனியில் நிற்பதும் கீழே கடைக்கு இறங்குவதும் வேண்டாம். வேட்டி சட்டை தாராளமாகக் கட்டலாம். பால்கனிக் கம்பியில் துணி காயப்போடுவதற்கும் அபராதம் உண்டு, உள்பக்கமாக ஸ்டாண்டில் போடுங்கள். சேலைக்கு எங்கும் தடையில்லை. அபுதாபி ஷேக் சாயித் பெரிய மசூதிக்குப் போகும் நாளில் மட்டும் முழுக்கை, தலை மூடும் துணி வேண்டும், இடுப்பு தெரியக் கூடாது. அன்றைக்கு சுடிதாரும் பெரிய துப்பட்டாவும் வசதி.

ரமலானில் துபாய் உணவகங்கள் பகலிலும் திறந்திருக்கும். 2021 முதல் திரை போட்டு மறைக்க வேண்டும் என்ற விதிகூட இல்லை. ஷார்ஜாவில் அவ்வளவு தளர்வை எதிர்பார்க்காதீர்கள். நீங்கள் சர்க்கரைக்காரர், வேளை தவறக் கூடாது. வீட்டில் சாப்பிடுங்கள், வெளியே என்றால் திறந்திருக்கும் உணவகத்துக்குள் போய்ச் சாப்பிடுங்கள். தெருவில், பூங்காவில், பஸ் நிறுத்தத்தில் தண்ணீர்கூட வேண்டாம். தாழ்சர்க்கரை வந்துவிட்டால் அந்த இடத்திலேயே குளுக்கோஸ் வாயில் போடுங்கள். நோயாளிக்கு நோன்பிலேயே விலக்கு உண்டு, யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். நோன்பு திறப்பதற்கு முந்தைய அரை மணி நேரம் எல்லோரும் வீட்டுக்கு விரைவார்கள், கார்கள் பறக்கும். அந்த நேரத்தில் பேரனைத் தள்ளுவண்டியில் வைத்து வெளியே கூட்டிப் போக வேண்டாம்.

எவ்வளவு கவனமாக இருந்தும் சுங்கத்தில் நிறுத்தினால், சந்தேகமுள்ள பொருளைக் கழிப்பறையில் எறிந்துவிட நினைக்காதீர்கள். அதுவே குற்றத்தை ஒப்புக்கொண்டது போலாகும். கேட்கும் முன் நீங்களே எடுத்துக் காட்டிச் சொல்லுங்கள். குரலை உயர்த்த வேண்டாம், கை நீட்டிப் பேச வேண்டாம். விசாரணை வாக்குமூலம் அரபியில் இருக்கும். மொழிபெயர்த்துச் சொல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள், "மொழிபெயர்ப்பாளர் வேண்டும்" என்று கேளுங்கள். இந்தியத் தூதரகத்துக்குத் தகவல் சொல்லும்படி கேட்பது 1963-ஆம் ஆண்டு வியன்னா ஒப்பந்தத்தின் 36-ஆம் பிரிவு தரும் உரிமை. துபாய், ஷார்ஜா இந்தியர்களுக்கு உதவும் இந்திய அரசின் மையமான பிரவாசி பாரதிய சஹாயதா கேந்திராவின் கட்டணமில்லா எண் 800 46342. இதை ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள், போனை வாங்கிவிட்டால் அதில் பதிந்துவைத்த எண் உதவாது. வழக்கு என்றானால் பாஸ்போர்ட்டைப் பிடித்துவைக்கலாம், விசா நாள் அதற்குள் முடியலாம். விசா கடந்தால் நாளொன்றுக்கு 50 திர்ஹம். ஆகவே முதல் நாளே மகன் உள்ளூர் வக்கீலைப் பார்க்க வேண்டும், நடந்ததை முகநூலில் யாரும் எழுதக் கூடாது.

கடைசியாக எகிப்துக் குடும்பம். கட்டாயம் அழையுங்கள். விழா ரமலானுக்குள் வருமானால் பகலில் வைக்காதீர்கள். அவர்கள் நோன்பு திறக்கும் வேளைக்கே அழைத்து, பாங்கு கேட்டதும் பேரீச்சம்பழமும் தண்ணீரும் முதலில் கொடுங்கள், தொழ வேண்டுமென்றால் ஓர் அறையை ஒதுக்கிவிடுங்கள், பிறகு கேக் வெட்டலாம். பள்ளிவாசலில் தராவீஹ் தொழுகைக்குப் போகிறவர்கள் சீக்கிரம் கிளம்புவார்கள், தடுக்காதீர்கள். அந்த வீட்டுப் பெண்ணிடம் நீங்கள் கை நீட்டாமல் நெஞ்சில் கை வைத்து வணக்கம் சொல்லுங்கள், அவர் நீட்டினால் குலுக்கலாம். எதையும் வலது கையால் கொடுங்கள். சைவச் சாப்பாடு என்றால் அவர்களுக்கு ஹலால் கவலையே இல்லை. முந்திரி, பாதாம் போட்டதை மட்டும் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள், அவர்கள் வீட்டிலும் குழந்தைகள் இருக்கலாம்.